புகாருக்குப் பதில் போட்ட பிறகுதான் டீ

போன வாரம் நம் சின்ன மருமகள் செய்த காரியத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்தவர்களுக்கும், இந்த வாரம்தான் முதல் தடவையாகப் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

இது பல் செட் செய்கிற குடும்பம். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இங்கே மெழுகில் பல் வரிசை கட்டி, ஈறு செய்து, மெருகு போட்டு, செட்டாகத் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு நோயாளியின் அச்சுக்கும் நம்பர் போட்ட ஒரு ட்ரே உண்டு. கீழே பட்டறை, மாடியில் வீடு. பட்டறையை ஆரம்பித்தவர் மாமா, அதாவது மருமகளின் மாமனார். டாக்டர்கள் எல்லாருக்கும் அவர் 'செட் ஐயா'.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு டாக்டரம்மாவை எதிரில் வைத்துக்கொண்டே பெரிய மகன், "அப்பா, உங்க கை நடுங்குது. இனிமே மெருகு வேலையை விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டான். மாமாவுக்கு வந்ததே கோபம்! "என் கையைக் குறை சொல்றவனுக்கு என் பட்டறையில இடமில்ல" என்றார். பெரியவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போய் நகரத்தின் அந்தக் கோடியில் தனியாகப் பட்டறை போட்டுவிட்டான். அதோடு அப்பாவுக்கும் பிள்ளைக்கும் பேச்சு நின்றது.

கை நடுக்கம் என்னவோ உண்மைதான். ஆறே மாதத்தில் மாமா யாரும் சொல்லாமலே மெருகு மெஷினை விட்டு எழுந்து, வாசலோரம் இருக்கிற கம்ப்யூட்டர் மேஜைக்கு மாறினார். மெயிலுக்குப் பதில் போடுவதும் போன் எடுப்பதும்தான் இப்போது அவர் வேலை.

போன புதன்கிழமை மாமா குளிக்கப் போன நேரம் பார்த்து, சின்ன மருமகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். மாமா எழுதுகிற மாதிரியே பெரியவனுக்கு ஒரே ஒரு வரி தட்டி அனுப்பினாள். 'உடம்பைப் பார்த்துக்கொள்.' சாயங்காலமே பதில் வந்துவிட்டது. 'சரிப்பா. நீங்களும்.' மாமா கண்ணில் படுவதற்குள் அதை அழித்துவிட்டு, அன்று ராத்திரி வரைக்கும் திருட்டு முழி முழித்துக்கொண்டு திரிந்தாள். அங்கேதான் நிறுத்தியிருந்தோம்.

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

காலை ஒன்பதரைக்கு அவள் டீயோடு மாமாவின் மேஜைக்கு வந்தாள்.

"அங்க வெச்சிட்டுப் போ, மெழுகு. ஒரு புகார் வந்திருக்கு" என்றார் மாமா, கண்ணாடியைச் சரி செய்துகொண்டே. பட்டறையில் மெழுகு வேலை அவளுடையது என்பதால் கல்யாணமான புதிதிலிருந்தே அவளுக்கு அந்தப் பெயர்.

"ஆறிடும் மாமா."

"ஆறட்டும். செட் குத்துதுன்னு ஒரு மனுஷன் எழுதறான்னா, அவன் சாப்பிட முடியாம உட்கார்ந்திருக்கான்னு அர்த்தம். நான் இங்க உட்கார்ந்து டீ உறிஞ்சினா நல்லாவா இருக்கும்?"

இது இந்தப் பட்டறையின் சட்டம். புகாருக்குப் பதில் போட்ட பிறகுதான் டீ. முப்பது வருஷமாக யாரும் மீறியதில்லை. போன் மட்டும் இருந்த காலத்திலேயே அப்படித்தான்.

அவள் திரையை எட்டிப் பார்த்தாள். 'உங்கள் செட் ஈறைக் குத்துகிறது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. படம் இணைத்திருக்கிறேன். உடனே பார்க்கவும்.' டாக்டர் பெயர் இல்லை. செட்டின் எண்ணும் இல்லை.

மாமா படத்தைத் திறந்தார். படம் வரவில்லை. ஒரு சின்னப் பெட்டி வந்து அனுமதி கேட்டது. கொடுத்தார். மறுபடி கேட்டது. அவருடைய விரல் நடுங்கியதில் அதுவும் தானாக அமுங்கிவிட்டது.

"இந்தக் கை இருக்கே!" என்று சிரித்தார்.

தெரியாத ஆள் அனுப்பியதைத் திறக்கலாமா என்று கேட்க வாயெடுத்தவள், அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள். மாமா இரண்டு விரலால் தட்ட ஆரம்பித்தார். 'ஐயா, மிகவும் வருந்துகிறோம். படம் திறக்கவில்லை. தங்கள் டாக்டரின் பெயரைத் தெரிவித்தால் இன்றே சரி செய்து தருகிறோம்.' புகார் என்ற பேரில் வந்த திருடனிடமே மன்னிப்புக் கேட்டு எழுதிய மனுஷர் நம் மாமாவைத் தவிர வேறு யாராவது இருப்பார்களா, சொல்லுங்கள்!

எழுதி அனுப்பிவிட்டு, ஆறிப்போன டீயை ரசித்துக் குடித்தார்.

பத்தே கால் மணிக்கு உள்ளறையிலிருந்து சின்னவன் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தி நழுவிக் கீழே விழுந்தது.

சின்னவன் அவள் கணவன். தங்கமான மனுஷன்தான். ஆனால் ஒரு ஸ்க்ரூ கழன்றாலே கட்டடம் சாய்ந்த மாதிரி பதறுவான். இன்றைக்கு அவன் பதறியதில் நியாயம் இருந்தது. அவனுடைய டிசைன் கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலும் வாயில் நுழையாத பெயர்களாக மாறியிருந்தன. திரை முழுக்கச் சிவப்பு. 'உங்கள் ஃபைல்களைப் பூட்டிவிட்டோம். சாவி வேண்டுமானால் பணம் அனுப்புங்கள்.' கீழே ஒரு கடிகாரம் பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தன் கம்ப்யூட்டருக்கு ஓடினாள். அதிலும் சிவப்பு. மாமா தன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மூன்று திரையிலும் ஒரே கடிகாரம்தான்.

"போச்சு! எல்லாம் போச்சு!" சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "எந்த ட்ரே யாரோட வாய்னு கம்ப்யூட்டர்லதான் இருக்கு. ட்ரேல வெறும் நம்பர்தான். இருபத்திரண்டு செட்டு! யாருக்குன்னு கொண்டுபோய்க் கொடுக்கறது? எவன்டா இந்த வேலையைப் பண்ணினது?"

பதிலுக்குக் காத்திராமல் அவனே மேலும் பொரிந்தான்.

"போன மாசமே தலையால அடிச்சுக்கிட்டேன். மெயிலை நான் பாத்துக்கறேன், அப்பா மாடியில ரெஸ்ட் எடுக்கட்டும்னு. யாரு கேட்டீங்க?"

சொன்ன பிறகுதான் அப்பா அங்கேயே இருப்பது அவன் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமா காலி டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். கிளாஸ் மேஜையில் கடகடவென்று ஆடியது.

மருமகள் மாமாவின் நாற்காலியைப் பார்த்தாள். அந்த நாற்காலியையும் பிடுங்கிவிட்டால் இந்த மனுஷருக்கு இந்தப் பட்டறையில் என்ன மிச்சம்? மாடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவா இத்தனை வருஷம் உழைத்தார்? அதோடு அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. மாமாவின் மெயிலை யாராவது துருவினால், போன புதன்கிழமை வரி வெளியே வந்துவிடும்.

பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் மேடம் வந்தார். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய தலை, தோளில் தன் லேப்டாப். போனில் கேட்ட நிமிஷமே, "எல்லா நெட் ஒயரையும் பிடுங்குங்க, எதையும் அணைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். வந்ததும் வராததுமாக இரண்டு கேள்வி கேட்டார்.

"முதல் கேள்வி. எல்லாத்துக்கும் தனியா காப்பி எடுத்து வெச்சிருக்கீங்களா?"

"சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு டிஸ்க்ல எடுப்பேன்" என்றான் சின்னவன் பரிதாபமாக. "ஆனா எடுத்து முடிச்ச உடனே எங்கம்மா அதைப் பிடுங்கிட்டுப் போயிடுவாங்க."

மாடிப்படியில் நின்ற அத்தை முகவாயைத் தூக்கினார். "பின்ன? முக்கியமான சாமானை மேஜையில போட்டு வெப்பாங்களா? துண்டுல சுத்தி என் பீரோவுல வெச்சிருக்கேன். உனக்கு வேணும்னா கேட்டு வாங்கிக்கோ."

சர்வீஸ் மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, நீங்க எங்க கம்பெனிக்கு வேலைக்கு வந்துடுங்க. ஆளுக்கு ஆள் டிஸ்க்கை கம்ப்யூட்டர்லயே சொருகி வெச்சு, அதையும் சேர்த்துப் பூட்டக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்காங்க. உங்க பீரோ பிழைக்க வெச்சிருக்கு."

அத்தை சின்னவனை ஒரு பார்வை பார்த்தார். இனி ஆறு மாதத்துக்கு அந்தப் பார்வை போதும்.

"பணம் கிணம் ஒண்ணும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை வரைக்கும் உள்ளதை மீட்டுடலாம்" என்றார் மேடம். "ரெண்டாவது கேள்வி. திருடன் எந்த வழியா உள்ளே வந்தான்? யார், எதைத் திறந்தீங்க? அது தெரியாம நான் வீட்டைக் கழுவினாலும் அவன் மறுபடி அதே கதவு வழியா வந்துடுவான்."

சின்னவன் அப்பாவைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். மாமாவின் உதடு லேசாகப் பிரிந்தது.

"நான்தான்" என்றாள் மருமகள்.

மாமா வெடுக்கென்று நிமிர்ந்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"நீயா?" சின்னவனுக்கு நம்ப முடியவில்லை.

"ஆமாங்க. காலையில என் கம்ப்யூட்டர்ல ஏதோ விளம்பரம் வந்துச்சு. அமுக்கிட்டேன்."

"என்ன விளம்பரம்?"

"புடவை" என்றாள். வாயில் வந்தது அதுதான்.

"நீ புடவை விளம்பரம் பாத்தியா? கடைக்கே நான்தான் உன்னை இழுத்துட்டுப் போகணும்!"

"பாக்கக் கூடாதா? ஒரு நாள் ஆசையா பாத்தேன். அதுக்கு இப்படியா நிக்க வெச்சுக் கேப்பீங்க?"

மேடம் அவள் கம்ப்யூட்டரின் எதிரில் உட்கார்ந்துகொண்டார். கால் மணி, அரை மணி, நாற்பது நிமிஷம் ஆயிற்று. "இதுல ஒண்ணுமே அகப்படலையே" என்று முணுமுணுத்துக்கொண்டே நோண்டினார். மருமகள் கையைப் பிசைந்தபடி பக்கத்தில் நின்றாள். நல்லதுதான் செய்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது அவளுக்கே ஒட்டவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு மாமாவின் மேஜையில் போன் அடித்தது. கை நடுக்கத்தால் ரிசீவரைத் தூக்கிப் பிடிக்க முடியாது என்று மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். டாக்டரம்மா ஒருவரின் குரல் பட்டறை முழுக்கக் கேட்டது.

"செட் ஐயா, என்ன ஆச்சு? 'உங்கள் புகார்'னு எனக்கு ஒரு மெயில் போட்டிருக்கீங்க. படம் திறக்க மாட்டேங்குது. அனுமதி கேக்குது, கொடுக்கட்டுமா?"

மாமா எழுந்து நின்றுவிட்டார்.

"கொடுக்காதீங்கம்மா! தொடாதீங்க! நான் இப்பவே கூப்பிடறேன்." போனை வைத்தார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மேடம், அங்க தேடாதீங்க. அந்தப் பொண்ணு எதையும் திறக்கல. திறந்தது நான்."

"மாமா..." என்றாள் அவள்.

"சும்மா இரு, மெழுகு. எனக்காகப் பொய் சொன்னே. நாப்பது நிமிஷம் நானும் வாயை மூடிட்டு அதைக் கேட்டுக்கிட்டு இருந்தேன். வெக்கமா இருக்கு." அவர் குரல் உடைந்தது. "காலையில ஒன்பதரைக்கு ஒரு புகார் மெயில். படம்னு நெனச்சுத் திறந்தேன். ரெண்டு தடவை அனுமதி கொடுத்தேன். பதிலும் போட்டேன். என்னை மாடிக்கு அனுப்பிடுவீங்களோன்னுதான் சொல்லல. இதைத் தவிர எனக்கு வேற எந்த வேலையும் தெரியாதுப்பா."

சின்னவனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இரண்டு எட்டில் வந்து அப்பாவின் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். "என் வாயிலதான் சனி, அப்பா. நான் அப்படிப் பேசினதாலதானே சொல்லாம இருந்தீங்க? உங்களை யாரும் எங்கேயும் அனுப்பல."

"அழறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்" என்று மேடம் அதற்குள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "ஐயா, மெயிலைத் திறந்ததுக்கு நான் யாரையும் திட்ட மாட்டேன். போன வருஷம் நானே ஒண்ணைத் திறந்தேன், எனக்குச் சம்பளமே இதுக்குத்தான் கொடுக்கறாங்க. ஆனா மறைச்சீங்க பாருங்க, அந்த நாப்பது நிமிஷத்துல அவன் உங்க பேர்ல ஊர் பூரா மெயில் போட்டுட்டான். பாஸ்வேர்டு என்ன?"

மாமா போனைச் சாய்த்துக் காட்டினார். அடியில் ஒட்டியிருந்த சீட்டில் கொட்டை எழுத்தில் இருந்தது.

"இப்படியா ஒட்டி வெப்பீங்க! தெருவுல போறவன்கூடப் படிச்சிடுவானே!" மேடம் தலையில் அடித்துக்கொண்டார். "இது ஏதோ தேதி மாதிரி இருக்கே. யாரோட பிறந்த நாள்?"

"என்னோடது இல்ல" என்றான் சின்னவன் மெதுவாக.

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மேடத்துக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

"மாத்தியே ஆகணுமா?" என்று கேட்டார் மாமா.

"ஆகணும் ஐயா. மன்னிச்சுக்கோங்க."

புது பாஸ்வேர்டு போட்டாயிற்று. திருடனை மெயிலிலிருந்து வெளியே தள்ளியாயிற்று. ஆனால் அவன் அனுப்பியது அனுப்பியதுதானே? "இந்த முகவரியிலிருந்து ஒரு தடவையாவது யாருக்கெல்லாம் எழுதியிருக்கீங்களோ, அத்தனை பேருக்கும் போயிருக்கு" என்றார் மேடம். "மொத்தம் முப்பத்திரண்டு பேர்."

"ஒரு வாய்ப் பல்லு" என்றார் மாமா தன்னையறியாமல்.

அவ்வளவு கலவரத்திலும் சின்னவன் சிரித்துவிட்டான்.

மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவையாவது எழுதியிருந்தால் போதும் என்று மேடம் சொன்னது அவள் காதிலேயே நின்றது. போன புதன்கிழமை ஒரு தடவை எழுதியாயிற்றே!

"மெயில் போட்டு எச்சரிக்க முடியாது. இனிமே உங்க மெயிலை யாரும் நம்பக் கூடாது, நம்பவும் வேண்டாம்" என்றார் மேடம். "ஒவ்வொருத்தரையா போன்லதான் கூப்பிடணும். யாராவது ஒருத்தர் திறந்தாலும் அவங்க கிளினிக்கும் காலி, உங்க பேரும் காலி. நம்பரெல்லாம் எங்கே இருக்கு?"

"பூட்டிப்போன கம்ப்யூட்டர்ல" என்றான் சின்னவன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. "மாடிக்குப் போய் டிஸ்க்கை எடுத்து, வேற கம்ப்யூட்டர் தேடி..."

"எதுக்கு?" என்றார் மாமா. நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். "நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம். என்னால அமுக்கத்தான் முடியாது. மெழுகு, நீ இங்க வந்து உட்காரு. நான் சொல்றேன், நீ அமுக்கு."

அப்புறம் நடந்ததைப் பார்க்க நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டு நம்பர் நம்பராகச் சொல்லச் சொல்ல அவள் அமுக்கினாள். எண் ஒன்றுகூடத் தப்பவில்லை. எடுத்தவுடனே மாமா, "வணக்கம், செட் ஐயா பேசறேன்" என்பார். அந்தக் குரலைக் கேட்டதும் எதிர்ப் பக்கம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. "என் பேர்ல ஒரு மெயில் வந்திருக்கும். அது திருடன் போட்டது. தப்பு என்னோடதுதான், ஏமாந்துட்டேன். திறக்காம அழிச்சிடுங்க." எந்த டாக்டரிடமும் பழியை வேறு யார் மேலும் போடவில்லை. ஒரு தடவைகூடச் சொல்லைச் சுற்றி வளைக்கவில்லை.

கோபித்துக்கொண்டவர் ஒரே ஒருவர். மாமா அவரிடம், "நீங்க கோவப்படறது சரிதான். நாளைக்கு நம்ம ஆளைக் கூட்டிட்டு வந்து உங்க கம்ப்யூட்டரைப் பாக்கச் சொல்றேன்" என்றார். அவரும் தணிந்துபோய், போனை வைப்பதற்கு முன்னால் பன்னிரண்டாம் நம்பர் ட்ரே எப்போது வரும் என்று கேட்டார்.

"பன்னிரண்டா? அந்த மேல் செட்டு, இடது பக்கம் கோரைப்பல் கொஞ்சம் உள்வாங்கினது? நாளைக்குக் காலையில" என்றார் மாமா, யோசிக்கவே இல்லாமல்.

சின்னவன் வாயைப் பிளந்தான். "அப்பா, உங்களுக்கு ட்ரே எல்லாம் தெரியுமா?"

"பல்லைப் பாத்தா ஆளைத் தெரியாதா எனக்கு? கைதான் நடுங்குது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

சின்னவன் போய் அவருக்குச் சூடாக ஒரு டீ போட்டுக்கொண்டு வந்தான். அவர் தொடவில்லை. இன்னும் முடியவில்லையாம்.

ஒன்றரை மணிக்கு முப்பத்தோராவது போன் முடிந்தது. மூன்று பேர் மெயிலைத் திறந்து பார்த்திருந்தார்கள். ஆனால் அனுமதி கொடுப்பதற்குள் மாமாவின் குரல் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடம் பெருமூச்சு விட்டார். "இன்னும் ஒண்ணுதான். இது கிளினிக் மாதிரி தெரியலையே" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

பெரியவனின் முகவரி.

அத்தை படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சின்னவன் அப்பாவைப் பார்த்தான். மருமகள் போன் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவனுக்கு மெயில் போட்டதே இல்லையே" என்றார் மாமா குழப்பத்தோடு.

"போட்டிருந்தாத்தான் ஐயா லிஸ்ட்ல வரும்."

மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அப்புறம் திடீரென்று நிமிர்ந்தார். "அதை அப்புறம் யோசிக்கலாம். அவன் மூணு வருஷமா என்கிட்டேர்ந்து ஒரு வார்த்தை வருமான்னு பாத்துட்டு இருப்பான். என் பேரைப் பாத்த உடனே திறந்துடுவான். நம்பரைப் போடு, மெழுகு."

பத்து எண்ணையும் தடங்கலே இல்லாமல் சொன்னார். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த நம்பரைக் கூப்பிடாதவர்.

மணி இரண்டு தடவை அடித்ததும் பெரியவன் எடுத்துவிட்டான்.

"அப்பாவா?"

மாமா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார். முப்பத்தொரு பேரிடம் கடகடவென்று சொன்னதை இங்கே சொல்ல முடியவில்லை.

"அப்பா, உங்க மெயில் வந்திருக்கு" என்றான் பெரியவன். "'உங்கள் புகார்'னு போட்டிருக்கு. ரெண்டு மணி நேரமா அதையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கேன். என்ன புகார் எழுதியிருக்கீங்களோன்னு திறக்கப் பயமா இருந்துச்சு. திறக்கட்டுமா?"

"திறக்காதே." மாமா மேஜையை இறுகப் பிடித்துக்கொண்டார். "அதை நான் எழுதல. ஒரு திருடன் என்னை ஏமாத்தி என் பேர்ல போட்டது. உன் மேல எனக்கு ஒரு புகாரும் இல்லடா. நீ அன்னிக்குச் சொன்னது சரி. என் கை நடுங்குது. இப்ப நம்பரைக்கூட உன் தம்பி பெண்டாட்டிதான் அமுக்கினா."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"சரிப்பா" என்றான் பெரியவன் கடைசியில். குரல் கம்மியிருந்தது. "திறக்கல. அழிச்சிடறேன். அப்ப... போன புதன்கிழமை வந்ததும் நீங்க எழுதினது இல்லையா?"

"புதன்கிழமையா?"

"'உடம்பைப் பார்த்துக்கொள்'னு ஒரே ஒரு வரி. நான் அதை அச்செடுத்து மேஜை கண்ணாடிக்கு அடியில வெச்சிருக்கேன்பா. அதுவும் திருடன்தானா?"

மேடம் துள்ளி எழுந்தார். "புதன்கிழமையேவா! அப்ப ஆறு நாளா உள்ளே இருந்திருக்கான்! சனிக்கிழமை எடுத்த டிஸ்க்கையும் நம்ப முடியாது. எல்லாத்தையும் துடைச்சு முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பட்டறையை ஒரு வாரமாவது மூடணும்."

"ஒரு வாரமா!" என்றான் சின்னவன்.

மாமா எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அடியில் இருக்கிற அந்த ஒரு வரியை நினைத்தோ என்னவோ, போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை மருமகளால் பார்க்க முடியவில்லை.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும். பழி திருடனோடு போய்விடும். யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை. ஆனால் பெரியவன் அந்தக் காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து உருவி எறிந்துவிடுவான். பட்டறை ஒரு வாரம் பூட்டிக் கிடக்கும். நாற்பது நிமிஷம் மறைத்ததற்கே என்ன ஆயிற்று என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள்?

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"மேடம், டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. புதன்கிழமை வந்தது திருடன் இல்ல." அவள் மாமாவின் பக்கம் திரும்பினாள். "அது நான், மாமா. நீங்க குளிக்கப் போயிருந்தப்ப, இதே நாற்காலியில உட்கார்ந்து, உங்க பேர்ல நான்தான் எழுதினேன். அவர் பதில் போட்டார். அதையும் நான்தான் அழிச்சேன்."

மாமா தலையை உயர்த்தி அவளைப் பார்த்தார். அது கோபமா, வேறு ஏதாவதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"பதில் போட்டானா?" என்று கேட்டார். "என்ன எழுதியிருந்தான்?"

அவள் போனை மாமாவின் பக்கம் நகர்த்தினாள். சொல்ல வேண்டியவன் இன்னும் லைனில்தான் இருந்தான். மேஜை மேல் ஸ்பீக்கர் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை.